ஆர்டர் நின்ற வாரம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருப்பூரில் சம்பள நாள் சனிக்கிழமை. ஆபீஸில் மாதச் சம்பளக்காரர்கள் உண்டு. ஆனால் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று நிற்பவர்களில் பெரும்பாலோர் வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். மளிகை, வாடகை பாக்கி, மகளிர் குழுத் தவணை, பிள்ளையின் வேன் காசு எல்லாம் அந்த ஒரு நாளை நம்பி இருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையில் என்ன குழப்பம் நடந்தாலும் எங்கள் ஊரில் அது கடைசியில் ஒரே கேள்வியாக வந்து நிற்கும்: "ஏனுங்க சார், அடுத்த வாரம் வேலை இருக்குங்களா?"

இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனிகளில் இருந்திருக்கிறேன். செக்கிங் மேஜையில் தொடங்கி, லைன் சூப்பர்வைசர், புரொடக்‌ஷன் மேனேஜர், கடைசி ஒன்பது வருடம் ஃபேக்டரி மேனேஜர். அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்திலும் நின்றிருக்கிறேன், பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் நின்றிருக்கிறேன். 2011 ஜனவரி 28 அன்று நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. 2021இலும் 2022இன் முதல் பாதியிலும் நூல் விலை ஏறிக்கொண்டே போனது. 2022 மே 16, 17 தேதிகளில் ஊரே வேலைநிறுத்தம் செய்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய வதந்தி. 2025 ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி நாளிலிருந்து அமெரிக்கா போகும் நம் துணிகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 50 சதவீதம் வரி வந்தது.

இத்தனையிலும் சில கம்பெனிகள் நின்றன, சில மூடின. பண பலம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே அளவு பணம் வைத்திருந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்கு மட்டும் ஆட்கள் திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்தேன். அங்கே முதலாளியும் மேனேஜரும் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் இருந்தார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். பனியன் கம்பெனிக்கு எழுதுவதுதான். ஆனால் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் எவரும், அது ஆஸ்பத்திரியோ ஸ்கூலோ அச்சகமோ, தங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

கெட்ட செய்தியை நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள்.

2020 மார்ச் நடுவில், ஊரடங்குக்கு முன்பே, ஐரோப்பாவிலிருந்து மெயில்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆர்டரை நிறுத்தி வையுங்கள், ஷிப்மென்டைத் தள்ளி வையுங்கள் என்று. நான் அப்போது இருந்த கம்பெனியில் ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. பதற்றம் வேண்டாம் என்று நினைத்தோம். ஆனால் பதற்றம் அதற்குள் வந்துவிட்டது. சாயப்பட்டறைக்குத் துணி எடுக்கப் போகும் டிரைவருக்கு லோடு இல்லை என்று தெரியும். கட்டிங் மாஸ்டருக்கு அடுத்து விரித்து வெட்டத் துணி வரவில்லை என்று தெரியும். மெர்ச்சண்டைசர் பையன் டீக்கடையில் யாரிடமோ போனில் பேசியதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். தெரியாதவர்கள் போல் நடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஆறாம் நாள் கூட்டிச் சொன்னபோது, செக்கிங்கில் என்னோடு ஒரு காலத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா எழுந்து சொன்னார்: "தம்பி, எங்களுக்கு நல்ல சேதி வேணும்னு இல்லைங்க. நெசத்தை நேரத்துக்குச் சொல்லுங்க. போன வாரமே தெரிஞ்சிருந்தா சீட்டுப் பணத்தைக் கட்டாம கையில வெச்சிருப்பேன்."

அந்த ஐந்து நாளின் விலை அவருடைய சீட்டுப் பணம். செய்தியைத் தள்ளிப் போடும்போது நாம் அவகாசம் எடுத்துக்கொள்வது கீழே இருப்பவரின் பையிலிருந்து என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சொல்லும்போது மூன்று விஷயம் போதும். தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அடுத்து எப்போது சொல்வீர்கள். "அமெரிக்க ஆர்டர் இரண்டு நின்றிருக்கிறது. ஜெர்மனி ஆர்டர் ஓடுகிறது. இந்த வாரமும் அடுத்த வாரமும் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது. மூன்றாவது வாரம் எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு இதே இடத்தில் மறுபடி பேசுகிறேன்." அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் 5 மணிக்குப் போய் நில்லுங்கள். புதுச் செய்தி இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ஃபேக்டரியில் பாதிப் பேர் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்கள் என்றால், தமிழில் சொல்லி முடித்துவிட்டு "அவங்களுக்கு யாராச்சும் சொல்லிருங்க" என்று போகாதீர்கள். அவர்களில் எல்லோரும் மதிக்கும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வரிக்கு வரி சொல்லச் சொல்லுங்கள். ஆள் கூட்டி வந்த காண்ட்ராக்டரின் ஆளை அதற்கு வைக்க வேண்டாம். அவர் தனக்கு வேண்டிய மாதிரி மாற்றிச் சொல்வார்.

சனிக்கிழமையைக் காப்பாற்றுங்கள்.

ஏற்றுமதித் தொழிலில் பணம் வரும் வழி எல்லோருக்கும் தெரியும். நூலுக்கு முன்பணம் அல்லது குறுகிய கடன். நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஒவ்வொன்றுக்கும் கூலி. ஷிப்மென்ட் போய் 60 நாளோ 90 நாளோ கழித்துத்தான் துணி வாங்கும் பையரின் பணம். இடையில் வாரா வாரம் சம்பளம். இந்த இடைவெளியில்தான் கம்பெனிகள் விழுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 பேர் வேலை செய்யும் யூனிட். ஆளுக்கு வாரம் சராசரி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரச் சம்பளம் 4 லட்சம். நான்கு வாரத்துக்கு 16 லட்சம். இந்த 16 லட்சத்தைத் தனிக் கணக்கில், வேறெதற்கும் தொடாத பணமாக வைத்திருக்கும் முதலாளி நெருக்கடியின் முதல் மாதத்தை நிதானமாக யோசிக்கிறார். இல்லாதவர் முதல் வாரமே கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். ஒரே ஷிப்மென்டில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு ஷிப்மென்ட் பணம் வரும்போதும் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ எடுத்து வைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் சேரும். ஊழியர் மீது அக்கறை இருக்கிறது என்று ஒரு முதலாளி சொன்னால், நான் அவருடைய பேச்சைக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைக் கேட்பேன்.

இருப்பு தீர்ந்துபோகும் நிலை வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். என் வரிசை: வாரச் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, பட்டன் ஹோல் அடித்துத் தரும் ஆள் போன்ற சின்ன ஜாப் ஒர்க்காரர்கள், பிறகு நூல் கடை, பிறகு மற்றவர்கள். வங்கியிடம் பேசலாம், தவணை மாற்றலாம். நாலு பவர் டேபிள் போட்டு வீட்டில் தைத்துத் தருபவரிடம் தவணை மாற்றும் வசதி கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நெருக்கடியில் அதை 15 நாளாக்கிய முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் தீபாவளி நெரிசலில் அவருடைய வேலையைத்தான் ஜாப் ஒர்க்காரர்கள் முதலில் எடுக்கிறார்கள்.

வேலை குறைந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குறைப்பதை மேலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஓவர்டைமை நிறுத்துங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடியதை ஒரு ஷிப்டாக்குங்கள். பிறகு வாரம் ஐந்து நாள். பிறகு பாதி லைன் இந்த வாரம், பாதி லைன் அடுத்த வாரம். ஆறு நாள் வேலை மூன்று நாளானால் வீடு தடுமாறும், ஆனால் நிற்கும். பாதிப் பேருக்கு ஆறு நாள், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை என்றால் பாதி வீடுகள் விழும். இதைச் சொல்வதற்கு முன் முதலாளி தன் மாத எடுப்பைக் குறைத்திருக்க வேண்டும், என்னைப் போன்ற மேனேஜர்களின் சம்பளத்தைக் குறைத்திருக்க வேண்டும். எவ்வளவு குறைத்தோம் என்பதையும் கூட்டத்தில் எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். 2020இல் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஐந்து மாதம் போனது. வலித்தது. ஆனால் லைனில் நின்று பேச என்னிடம் வாய் இருந்தது.

யாருடைய வீட்டில் என்ன நிலை என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

லைன் சூப்பர்வைசர்தான் அந்த ஒருவர். இவர் கணவர் இறந்து தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார், இவருக்கு அடுத்த மாதம் பிரசவம், இவர் மட்டும்தான் வீட்டில் சம்பாதிக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேலையைப் பங்கிடும்போது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படித் தெரிந்ததைப் பொதுவில் பேச வேண்டாம். உதவி செய்தால் போட்டோ எடுக்க வேண்டாம். அரிசி மூட்டை வாங்குகிறவருக்கும் ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை கற்றுக்கொடுங்கள்.

ஓவர்லாக் மெஷின் தெரிந்தவருக்கு பிளாட்லாக் மெஷின், செக்கிங்கில் இருப்பவருக்கு பேக்கிங். இது நல்ல காலத்தில் செய்ய வேண்டியது. 2020இல் டி-சர்ட் ஆர்டர் நின்றபோது எங்கள் ஊரில் எத்தனையோ யூனிட்கள் முகக்கவசத்துக்கும் மருத்துவர்களுக்கான முழு உடைக்கும் மாறின. மாற முடிந்தவர்கள், மெஷினை மாற்றிப் பழகிய ஆட்களை வைத்திருந்தவர்கள்.

கிடைக்கும் உதவியைத் தேடிப் போங்கள். ஊழியருக்குக் கிடைப்பதையும் சொல்லுங்கள்.

2020இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. மத்திய அரசின் உத்தரவாதத்தோடு, இருக்கும் கடனில் 20 சதவீதம் வரை அடமானம் இல்லாமல் கூடுதல் கடன் கிடைத்தது. அதை வாங்கிப் பிழைத்த யூனிட்கள் நிறைய. கூச்சப்பட்டு வங்கிக்குப் போகாமல் மெஷினை விற்றவர்களும் உண்டு. தொழிலாளி பக்கம், இஎஸ்ஐ அட்டை இருந்தால் நோயில் விடுப்பு எடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது அட்டை வைத்திருக்கும் பலருக்கே தெரியாது. கம்பெனியில் ஒருவர் அதற்கென்று உட்கார்ந்து படிவம் நிரப்பித் தரலாம். செலவே இல்லாத உதவி அது.

தூங்குங்கள். வீட்டில் சொல்லுங்கள்.

இதை முதலாளிகளுக்காக எழுதுகிறேன். கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேக்டரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரைக் கீழே அழைத்து வந்திருக்கிறேன். அவர் அன்று என்ன நினைத்துக்கொண்டு மேலே போனார் என்பதை அவர் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொகையை வீட்டில் ஒருவரிடம், தொழிலில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மனம் தாங்காத இரவு என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கம்பெனி நோட்டீஸ் போர்டிலும் அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

செய்யக்கூடாதவை

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்லாதீர்கள். குடும்பத்தில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. நாளைக்கு நீங்கள் நிறுத்த நேரிடலாம். அன்று அந்த வார்த்தை திரும்பி வரும்.

"ஒருத்தரைக்கூட அனுப்ப மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் நல்ல மனதோடுதான் சொல்வீர்கள். அதை நம்பி ஒருவர் வேறு இடத்தில் கிடைத்த வேலையை விட்டிருப்பார்.

உங்கள் சிக்கலைத் தொழிலாளியின் தலையில் ஏற்றாதீர்கள். 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை. 12ஆம் தேதி சனிக்கிழமை. வங்கியில் எடுக்க முடிந்த பணம் சம்பளத்துக்குக் கிட்டவே வரவில்லை. சில இடங்களில் பழைய 500 ரூபாய் நோட்டையே சம்பளமாகக் கொடுத்து, மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டு வங்கி வரிசையில் நின்றார். ஒரு நாள் கூலி அதில் போனது. வேறு சில இடங்களில் முதலாளிகள் பக்கத்து மளிகைக் கடையில் பேசி, சம்பளக் கணக்கில் பொருள் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், கூடவே ஆட்களுக்கு வங்கிக் கணக்கு தொடங்க ஃபேக்டரிக்கே வங்கி ஊழியரை வரவழைத்தார்கள். இரண்டு வகையினருக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான்.

பிஎஃப் பிடித்த பணத்தைத் தொடாதீர்கள். அது ஊழியரின் பணம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். "அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம்" என்று தொடங்கி வருடக் கணக்கில் போன கம்பெனியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போனபோதுதான் கணக்கில் பணமே இல்லை என்று ஒரு அயர்ன் மாஸ்டருக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மறக்க முடியவில்லை.

ஊருக்குப் போகிறேன் என்பவரைத் தடுக்காதீர்கள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் எங்கள் விடுதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு போட்டோம். அரிசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோதுமை மாவு வாங்கி, அவர்களையே சமைக்கச் சொன்னோம். எல்லாம் செய்தும் அவர்கள் ஊருக்குப் போகவே துடித்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. இவ்வளவு செய்கிறோமே என்று. பிறகு ஒரு பையன் போனைக் காட்டினான். திரையில் அவன் அம்மா. பேசவில்லை, அழுதுகொண்டிருந்தார். பத்தொன்பது வயதுப் பையன், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நோய் பரவுகிறது என்று உலகமே சொல்கிறது. நான் அவன் அப்பாவாக இருந்தால் வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்போது ஊரில் இரண்டு விதமாக நடந்தது. சிலர், ஆட்கள் போய்விட்டால் திரும்ப வர மாட்டார்கள் என்று பயந்து கேட்டைப் பூட்டினார்கள். ஆதாரைத் திருப்பித் தரவில்லை, பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைத்தார்கள். அப்படியும் ஆட்கள் சுவரேறிப் போனார்கள், நடந்து போனார்கள். எங்கள் முதலாளி வேறு முடிவெடுத்தார். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் பெயர்ப் பதிவுக்கு உதவினார். பாக்கியைக் கடைசி ரூபாய் வரை தீர்த்தார். வழிக்குச் சாப்பாடு, தண்ணீர் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொருவரின் ஊர் நம்பரையும் எழுதி வாங்கி, மாதம் ஒருமுறை போன் செய்யச் சொன்னார். "வாங்க" என்று கேட்க வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள் என்றார். அந்த வருடக் கடைசியில் ஆர்டர்கள் திரும்பியபோது, போனவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். வராதவர்கள் தம்பியையும் மச்சானையும் அனுப்பினார்கள். கேட்டைப் பூட்டியவர்கள் காண்ட்ராக்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தும் லைன் நிரம்பவில்லை.

வதந்தியை "வாட்ஸ்அப் கதை" என்று தள்ளாதீர்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஹோலி வேறு அந்த வாரம். ரயில் நிலையத்தில் கூட்டம். அது பொய் என்று காவல்துறை விளக்கியது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. ஆனால் விடுதியில் படுத்திருக்கும் பையனுக்கு அறிக்கை போதாது. அந்த வாரம் நானும் இன்னும் இரண்டு பேரும் ராத்திரி விடுதியிலேயே தங்கினோம். காலையில் அவர்களோடு கடைவீதிக்கு நடந்து போனோம். போலீஸ் ஸ்டேஷன் எண்ணைச் சுவரில் ஒட்டினோம். ஒருவர் பயப்படும்போது அந்தப் பயம் தவறு என்று நிரூபிக்க முயலாதீர்கள், முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பெண்களை முதலில் நிறுத்தாதீர்கள். "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்பது பல வீடுகளில் உண்மை இல்லை. உண்மையாக இருந்தாலும் அதைத் தீர்மானிப்பது நம் வேலை இல்லை.

சூப்பர்வைசரிடம் கத்தாதீர்கள். காலை 9 மணிக்கு நீங்கள் கத்தியது 10 மணிக்கு லைனில் கேட்கும்.

ஒற்றைப் பையரை நம்பி இருக்காதீர்கள். விதியை மீறித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் நாம் செய்தது ஒரே தவறு. 2025இல் 50 சதவீத வரி வந்தபோது, ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் தள்ளாடினார்கள், ஆனால் நின்றார்கள். ஒரே அமெரிக்க பையருக்கு முழு ஃபேக்டரியையும் எழுதிக்கொடுத்திருந்தவர்கள் தீபாவளி போனஸ் சமயத்தில் கைபிசைந்து நின்றார்கள். அந்த ஒரு பையரிடம் வேலை சுலபம், ஒரே அளவு, ஒரே துணி, பெரிய எண்ணிக்கை. அந்தச் சுலபத்துக்குப் பின்னால் இருந்த ஆபத்தைப் பார்க்க விரும்பவில்லை.

2011ம் அப்படித்தான். திடீரென்று பட்டறைகளை மூடிவிட்டார்கள் என்று அன்று எல்லோரும் சொன்னோம். திடீரென்று நடக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் பாழாகி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. கழிவுநீரை வெளியே விடாத நிலைக்கு வந்தாக வேண்டும் என்று 2006லேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. கேட்டு அதற்கேற்ப மாறியவர்கள் குறைவு. மூடியபின் ராத்திரியில் ஒளித்துச் சாயம் போட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் குற்றத்துக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். அணைக்குக் கீழே இருந்த விவசாயியும் மனிதர்தான். கம்பெனிக்குள் இருப்பவர்களிடம் மட்டும் காட்டும் பரிவு பாதிப் பரிவு. கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்களை அமைத்த பிறகுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று அதே சுத்திகரிப்பைக் காட்டித்தான் வெளிநாட்டு பையரிடம் பேசுகிறோம்.

நெருக்கடி முடிந்ததும் மறந்துவிடாதீர்கள். அரைச் சம்பளத்துக்கு நின்றவரின் பெயர் உங்கள் நோட்டில் இருக்கட்டும். ஆர்டர் வந்த முதல் மாதம் அவருடைய பாக்கியைத் தாருங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆள் குறைத்தே தீர வேண்டும் என்றால்

எல்லாம் செய்து பார்த்தும் முடியாத நாள் வரலாம். எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை மோசமாகச் செய்தேன். காண்ட்ராக்டர் மூலம் சொல்லி அனுப்பினேன், நான் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்தால் தாங்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனவர்களில் ஒருவர் பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்து, முகம் திருப்பாமல் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார். அது போதும் எனக்கு.

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். ஒவ்வொருவரையும் முதலாளியே உட்கார வைத்து, தனித்தனியாக, காலையில் பேசினார். சாயங்காலம் சொன்னால் அந்த மனிதர் கேள்வி கேட்கவும் ஆள் இல்லாமல் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். ஏன் இந்த முடிவு, எந்த அளவுகோலில் பெயர்கள் வந்தன என்று சொன்னார். உங்கள் வேலையில் குறை இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னார். பாக்கிச் சம்பளம், விடுப்புப் பணம், போனஸ் பங்கு எல்லாம் அன்றைக்கே கையில். வருடக் கணக்கில் இருந்தவர்களுக்குச் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனியே உடனே பதிந்தது. இது பதியாமல் பணம் எடுக்க முடியாமல் அலைந்தவர்கள் எத்தனையோ பேர். அனுபவச் சான்றிதழ் டைப் செய்து கையெழுத்தோடு தயாராக இருந்தது. தெரிந்த நாலு கம்பெனிகளுக்கு நான் போன் செய்து, பெயர் பெயராகச் சொன்னேன். ஒன்பது பேருக்கு அந்த மாதமே வேறு இடம் கிடைத்தது.

மீதி இருப்பவர்களையும் அன்று மாலை கூட்டிப் பேச வேண்டும். அடுத்தது யார் என்ற கேள்வி அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போதைக்கு இவ்வளவுதான் என்றால் சொல்லுங்கள். உறுதி இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். போனவர்களின் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். ஆர்டர் திரும்பும்போது கேட்டில் "ஆட்கள் தேவை" போர்டு வைப்பதற்கு முன், அந்தப் பட்டியலில் இருக்கும் எண்களுக்குப் போன் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் உங்கள் அக்கவுண்டன்டைக் கூப்பிட்டு, இனி ஒரு ரூபாய்கூட உள்ளே வராவிட்டால் எத்தனை சனிக்கிழமைக்குச் சம்பளம் போட முடியும் என்று கேளுங்கள். நான்குக்குக் குறைவாக அவர் சொன்னால், அடுத்த ஷிப்மென்ட் பணம் வரும் அன்றே தனிக் கணக்கு தொடங்கி எடுத்து வையுங்கள்.